குதிரைக் கப்பலின் கடைசி ஆறு வாரம்

இருநூறுக்கு மேற்பட்ட நாவல்களின் பெயர்களும் அவற்றை எழுதியவர்களின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றைக்கூட அப்போது நான் படித்ததில்லை. அரசுப் பணித் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. வழிகாட்டிப் புத்தகத்தில் இடப்பக்கம் நூல், வலப்பக்கம் நூலாசிரியர் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். பொருத்துக என்று ஒரு கேள்வியாவது வரும். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் மானாவாரியாக மிளகாயும் கம்பும் போடுகிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகம் என்றால் அதிலிருந்து கேள்வி வரும். அதற்கு வேறு உபயோகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பட்டியலைப் படித்துத்தான் கோவில்பட்டியில் தாலுகா அலுவலக வேலைக்கு வந்தேன். அதை நம்பித்தான் பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை விட்டேன்.

போகும் வழியிலேயே தரகர் எச்சரித்திருந்தார். "இதுக்கு முந்தி வந்த மாப்ள இன்ஜினியர்னு சொன்னான். ரெண்டு அரியர் கிடந்திருக்கு. அந்தப் பிள்ளை எப்படியோ கண்டுபிடிச்சிட்டு. அரியர் இருந்தாப் பரவாயில்ல, பொய் சொன்னதுதான் ஆகாதுன்னு வேண்டாம்னுட்டு. நீ உள்ளதச் சொல்லு, போதும்."

நான் சரி என்று தலையாட்டினேன். அரை மணி நேரம்கூட அதைக் காப்பாற்றவில்லை.

கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் பெண்ணின் அப்பா. வீடு கடைக்குப் பின்னாலேயே. பெண் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் உட்கார்ந்திருந்த அறையில், பருப்பு டின்கள் அடுக்கியிருந்த அலமாரியின் மேல்தட்டில், தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. நான் அதைப் பார்ப்பதைப் பெண்ணின் அப்பா பார்த்துவிட்டார்.

"எங்க வீட்டுல ரெண்டு பொம்பளைகளும் புஸ்தகப் பைத்தியம். கடையத் திறக்க மறந்தாலும் மறப்பாக, அது மறக்காது. மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் உண்டா?"

"உண்டு" என்றேன்.

"என்னெல்லாம் படிச்சிருக்கீங்க?"

கேள்வி என்று வந்துவிட்டால் எனக்குக் கை தானாக ஓடும். பதினோரு நாவல்களை ஆசிரியர் பெயரோடு சொன்னேன். அகர வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன் என்பது பாதியில்தான் எனக்கே உறைத்தது. நடுவில் இரண்டைத் தாண்டினேன். என் அப்பா, தேர்வு முடிவு வந்த அன்று என்னைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் கதவோரம் நின்றிருந்தாள். அவளுடைய அம்மா மட்டும் உள்ளே வந்து, அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

அது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டியிருந்தார்கள். அட்டைக்கு மேல் ஒரு பழைய காலண்டர் படம். உள்ளே கதைக்கு நடுவில் சோப்பு விளம்பரம், தையல் மிஷின் விளம்பரம் எல்லாம் பாதிப் பாதியாக இருந்தன.

"தம்பி, நான் பத்தாப்பு முடிச்சுட்டு வீட்டுல இருந்தப்போ சேத்தது" என்றார். "பாண்டியராசா காலத்துக் கதை. அரபு நாட்டுல இருந்து காயல் துறைக்குக் குதிரை ஏத்திட்டு ஒரு கப்பல் வருது. கப்பல்காரர் மக அதுல இருக்கா. குதிரைகளப் பாத்துக்கிடுத ஒருத்தன் இருக்கான். ரெண்டு பேருக்கும் மனசு. அவ அப்பனுக்குத் தெரியாது. நாப்பது வாரம் இருக்கு என்கிட்ட. கடைசி ஆறு வாரம் இல்ல."

"ஏன்?"

"கல்யாணம் முடிஞ்சு இங்க வந்துட்டேன்லா. தம்பிமாருகிட்ட எடுத்து வைங்கலேன்னு சொல்லிட்டு வந்தேன். எடுத்து வச்சிருக்கோம்னானுக. ரெண்டு வருஷம் கழிச்சுப் போயிக் கேட்டா கரையான் அரிச்சிட்டுன்னானுக. கரையான் அரிச்சா புஸ்தகத்துல அடிச்ச பின்னு கம்பியாவது மிஞ்சாதா? எடைக்குப் போட்டுப் பொரி உருண்டை தின்னிருப்பானுக."

கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். புயல். கப்பலில் தண்ணீர் ஏறுகிறது. 'பாரத்தைக் குறையுங்கள்! குதிரைகளைக் கடலில் தள்ளுங்கள்!' என்று கப்பல்காரர் கத்துகிறார். அதற்குக் கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

"இது புஸ்தகமா வந்துச்சா, வரலையான்னே தெரியல. நீங்க இவ்வளவு படிச்சிருக்கீங்க. இதப் படிச்சிருக்கீங்களா தம்பி? குதிரைகளத் தள்ளுனாங்களா?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. ஆனால் பயிற்சி மையத்தில் எனக்குச் சொல்லித் தந்தது வேறு. தெரியாத கேள்வியையும் விடக் கூடாது. விடைத்தாளில் ஏதாவது ஒரு வட்டத்தைக் கருக்கிவிட வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். மூன்று வருடம் அப்படியே பழகியிருந்தேன். கருக்கிவிட்டேன்.

"தள்ளல அத்தை. கப்பல் கரை சேந்துரும். அவிய ரெண்டு பேரும் கல்யாணம் முடிச்சு நல்லா இருப்பாக."

அவர் முகம் மலர்ந்ததை என்னால் இன்றும் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. "தள்ளலையா!" என்று இரண்டு தடவை சொன்னார். கதவோரம் நின்றவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள், சிரித்தாள். சம்மதம் என்று அன்று சாயங்காலமே போன் வந்தது. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று நாள் குறித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தொடர்கதையை எழுதியவரின் பெயர் அதில் இல்லவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் போனில் பேசினாள்.

"அம்மா ரெண்டு நாளா ஒரே பேச்சுதான். குதிரையத் தள்ளலையாம், குதிரையத் தள்ளலையாம்னு. கடைக்கு வாரவங்ககிட்டல்லாம் சொல்லுதா. உளுந்து வாங்க வந்த ஆளு எந்தக் குதிரைன்னு முழிக்காரு."

"அப்படியா" என்றேன்.

"அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்கா? நிச்சயத்துக்கு வரும்போது கொண்டுட்டு வாங்களேன். பட்டுச்சேலையவிட அவளுக்கு அதான் பெருசு."

"ஊர்ல பெட்டியில கிடக்கும். தேடிப் பாக்கேன்."

அது இரண்டாவது பொய். எங்கள் வீட்டுப் பெட்டியில் பட்டாவும் விதைப் பையும்தான் கிடந்தன.

போனில் தேடினேன். அந்த எழுத்தாளரின் பெயரே எங்கும் அகப்படவில்லை. புனைபெயராக இருக்கலாம். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போனேன். வேலைக்கு வந்தபின் அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் வினா வங்கி எடுக்கத்தான் போயிருக்கிறேன்.

"கடல் கதை வேணும் மேடம். பழைய காலத்துக் கதை. காதல் இருக்கணும்" என்று நூலகரிடம் சொல்வதற்குள் காது சூடாகிவிட்டது.

"கப்பலு இருக்கணுமா?"

"ஆமா. குதிரையும்."

"ராசா கதைன்னா குதிரை எல்லாத்துலயும் இருக்கும் தம்பி. கப்பல்ல குதிரையா, கரையில குதிரையா?"

"கப்பல்ல."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த வரிசையைக் காட்டினார். அங்கே இவ்வளவு கப்பல்கள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பாய்மரம், ஒரு வாள், காற்றில் கூந்தல் பறக்க ஒரு பெண். எழுத்தாளர் புனைபெயரில் எழுதியதைப் பிறகு சொந்தப் பெயரில், வேறு தலைப்பில் புத்தகமாகப் போட்டிருக்கலாமே என்று ஒரு நப்பாசை. அதனால் எதையும் முன்னுரையைப் புரட்டிவிட்டு வைத்துவிட முடியவில்லை. முழுதாகப் படித்தால்தான் தெரியும்.

முதல் நாவலைப் பென்சிலும் நோட்டுமாகப் படித்தேன். அதற்கு வேறு எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியாது. எத்தனை கப்பல், எந்தத் துறைமுகம், எவன் ஒற்றன் என்று வரிசை எண் போட்டு எழுதினேன். நாயகியின் கண்களுக்குச் சொன்ன உவமைகளைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். கோவில்பட்டியிலிருந்து ஊருக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடக்கும் கரிசல், மடியில் கடல். அந்தக் கதையில் யானைதான் கப்பல் ஏறியது. இரண்டாவதில் முத்துக் களவு. மூன்றாவதில் புயல் வந்தது. குதிரைகளும் வந்தன. பென்சிலை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன்; தலையை நிமிர்த்தினால் என் ஊரைத் தாண்டி விளாத்திகுளம் ஸ்டாண்டில் நிற்கிறது பஸ். கண்டக்டர், "படிச்சு முடிச்சாச்சா? இறங்குதியளா, இல்ல திரும்பக் கோவில்பட்டிக்கே வாரியளா?" என்றார். அந்தக் கப்பலில் இருந்தது மரக்குதிரை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு கொண்டுபோனது.

நான்காவதையும் முடித்தபோது நிச்சயத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் சரியாக அடிக்கிறதா என்று அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தார். நான் களத்து ஓரம் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து வந்தார்.

"இதுக்கு எப்பம்லே பரீச்சை?"

"பரீச்சை இல்லப்பா. சும்மா படிக்கேன்."

"சும்மாவா?" நம்பவில்லை. "மேல பதவிக்கு எதுவும் எழுதுதியா? எழுதுனா சொல்லுலே, ஆத்தாகிட்ட சொல்லி வைப்போம், வெளக்குப் போடுவா."

அம்மா அப்போது தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்திருக்கவில்லை. நல்லவேளை.

பழைய பேப்பர் கடை ஒன்று விடாமல் கேட்டேன். மெயின் ரோட்டுக் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "முப்பது வருஷத்துப் புஸ்தகமா? அதெல்லாம் சிவகாசிக்குப் போயி வெடியில சுத்திருப்பான் தம்பி. உங்க கப்பலு எந்தத் தீவாளிக்கோ வெடிச்சிருக்கும்." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மணியாச்சில ஒரு அண்ணாச்சி இருக்காக. ரயில்வேயில இருந்தவுக. எல்லாரும் எங்கிட்ட எடைக்குப் போடுவாக, அவுக எங்கிட்ட எடைக்கு எடுத்துட்டுப் போவாக. கேட்டுப் பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. முன்னறை முழுக்க பெஞ்சுகள், பெஞ்சு முழுக்க வருட வாரியாகக் கட்டிய வாரப் பத்திரிகைகள். நான் கதையைச் சொன்னதும் அவர் கையை விரித்தார்.

"கதையெல்லாம் நான் படிக்கதில்ல."

"பிறகு இவ்வளவும் எதுக்கு?"

"குறுக்கெழுத்துக்கு. ஒருத்தன் பாதி போட்டுட்டு விட்டிருப்பான். மிச்சத்த நான் போடுவேன்." பத்திரிகையின் பெயரையும் வருடத்தையும் கேட்டுவிட்டு, ஒரு கட்டை இறக்கினார். "வெளிய குடுக்க மாட்டேன். இங்கன உக்காந்து பாரு. போட்டோ புடிச்சுக்கோ. பக்கத்த மடக்குனா எந்திரிச்சுப் போகச் சொல்லிருவேன்."

ஆறு வாரமும் இருந்தன. அவசரத்தில் முதல் படம் மங்கலாக விழுந்தது. படமெடுத்து முடித்துவிட்டு, முதல் வாரத்திலிருந்து படித்தேன்.

குதிரைகளைத் தள்ளிவிட்டார்கள்.

முதல் வாரத்திலேயே தள்ளத் தொடங்கி, இரண்டாவது வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். குதிரைகளின் கட்டை அவிழ்க்க வேண்டியவன் அந்தக் குதிரைக்காரன்தான். ஒவ்வொன்றின் காதிலும் அதன் பெயரைச் சொல்லி அவிழ்த்தான். கடைசிக் குதிரை போனதும் அவனும் குதித்துவிட்டான். மீதி நான்கு வாரமும் கப்பல்காரர் மகள் காயல் கரையில் காத்திருக்கிறாள். கப்பல் சேர்ந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் ஒரு விடியற்காலை, ஒரே ஒரு குதிரை மட்டும் நீந்திக் கரையேறி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. முற்றும்.

"என்ன தம்பி, யாரும் செத்துட்டாங்களா?" என்றார் அவர், குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். படங்களை அழித்துவிடலாம். புத்தகம் பெட்டியில்தான் இருந்தது, கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம். எங்கள் ஊரில் கரையானை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாய்க்குள் சொல்லியும் பார்த்தேன்: "தேடுனேன், கரையான் அரிச்சிட்டு." சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. எடைக்குப் போட்டு உருண்டை தின்ற அத்தையின் தம்பிகள் சொன்னது. அதை அவர் ஒருநாளும் நம்பவில்லை.

அவளைப் போனில் கூப்பிட்டேன். எடுத்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். எடுத்ததும் "சாப்டீங்களா?" என்றுதான் வந்தது.

"மணி பதினொண்ணு ஆகுது" என்றாள். "என்ன விஷயம்?"

சொன்னேன்.

"அப்போ அன்னைக்கு பதினொரு புஸ்தகம் சொன்னீங்களே. அதுல எது படிச்சது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இப்போ நாலு படிச்சிருக்கேன். அது அந்தப் பதினொண்ணுல கிடையாது." ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டாள். வட்டம் கருக்குவதைப் பற்றி, தப்புக்கு மதிப்பெண் குறைக்காததைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது.

"எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். வைக்கேன்."

செவ்வாய்க்கிழமை அலுவலகம் முடிந்து, படங்களை ஜெராக்ஸ் கடையில் தாளாக எடுத்துக்கொண்டு போனேன். இடையில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கடையில் இருந்த அவளுடைய அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "வாங்க மாப்ளே! ஏட்டி, மாப்பிள்ளைக்குக் கலர் சோடா உடைச்சுக் குடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். யாரும் உடைத்துக் கொடுக்கவில்லை.

அவளுடைய அம்மாவிடம் தாள்களை நீட்டினேன். "அத்தை, நான் இதப் படிச்சதே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய். இதுதான் உள்ள கதை. நான் சொன்ன மாதிரி இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாள்களைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் கதவோரம், அன்று நின்ற அதே இடத்தில். கடையில் யாருக்கோ வெல்லம் உடைக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது வாரத்தில் அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். குதிரைகள் போய்விட்டன என்று எனக்குத் தெரிந்தது. எந்தப் பக்கத்தில் எது வரும் என்று எனக்கு மனப்பாடமாகியிருந்ததால், அவர் தாளைப் புரட்டப் புரட்ட எனக்கு வியர்த்தது.

முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார், கண்ணைத் துடைக்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே முடிச்சிருக்கலாம் அந்த ஆளு" என்றார். கடைசித் தாளை மறுபடி எடுத்துப் பார்த்து, "கரையேறுன குதிரை எது? நெத்தியில வெள்ளை உள்ளதா? அவ கையால கொள்ளு தின்னுமே, அதா?" என்றார்.

என்னைத்தான் கேட்டார். என் வாய் திறந்துவிட்டது. ஆமா அத்தை, அதேதான் என்று சொல்லியிருப்பேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல அத்தை. முன்னாடி உள்ளத நான் படிக்கல."

அவள் அலமாரியிலிருந்து அந்தப் பைண்டு புத்தகத்தை எடுத்து வந்தாள். அம்மாவின் மடியிலிருந்த ஆறு வாரத்தையும் வாங்கி, கடைசிப் பக்கத்துக்குள் செருகி, எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த செவ்வாக்கிழமைக்குள்ள படிச்சிட்டு வாங்க. நான் கேள்வி கேப்பேன். தெரியாத கேள்விக்கு எடத்த விட்டுருங்க. இட்டுக்கட்டுனா மார்க்கக் குறைப்பேன்."

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம்..." என்று இழுத்தேன்.

"செவ்வாக்கிழமை முதல்ல வருது" என்றாள்.

அன்று ஊருக்கு வந்தபோது மேற்கே மேகம் கூடியிருந்தது. அப்பா தனியாகக் களத்தில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். மாசி மழை விழுந்தால் காய்ந்த பழம் அத்தனையும் கறுத்துப்போகும். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடி, மறுமுனையைப் பிடித்தேன். நாலு மூலையிலும் கல் வைத்து முடித்ததும் அவர் என் வயிற்றுப் பக்கம் பார்த்தார்.

"இது வேற புஸ்தகமா? ரெம்பத் தடியா இருக்கு. இதுக்காவது பரீச்சை உண்டாலே?"

"உண்டுப்பா. செவ்வாக்கிழமை."

"பாஸாயிருவியா?"

"தெரியலப்பா" என்றேன்.

நான் எந்தப் பரீட்சைக்கும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. "அப்போ இங்கன ஏன் நிக்க? உள்ள போய்ப் படி" என்றார். முதல் துளி தார்ப்பாயில் விழுந்து தெறித்தது.